அச்சகத்துப் பழைய ட்யூப்லைட்டுகளை என்ன செய்வது?

அல்சூரில் தாத்தா நடத்திவந்த அச்சகத்தைக் காலி செய்கிறீர்கள். கூரையில் பழைய ட்யூப்லைட் ஃபிட்டிங்குகள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. சில மரப்பட்டியில், சில வெளியே பச்சையும் உள்ளே வெள்ளையுமாகப் பூச்சுள்ள பெரிய ஷேடோடு. எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் காயலான் கடையில் போட்டுவிட்டு எல்.இ.டி. மாட்டச் சொல்கிறார். இவற்றுக்கு மதிப்பு உண்டா, சேகரிக்கத் தகுந்தவையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ஒன்றையாவது எரியவைத்துப் பார்க்க ஆசை, தொடத்தான் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. எதை வைத்துக்கொள்வது, அதை ஆபத்தில்லாமல் எரியவைக்க முடியுமா என்ற இரண்டும் தெளிவானால் மதிப்பு பற்றிய கேள்வி பாதி தீர்ந்துவிடும். நான் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலை நாட்களில் தொடங்கிய ட்யூப்லைட் சேகரிப்பு இன்றும் தொடர்கிறது. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அவசரமான விஷயம். எந்த ஃபிட்டிங்கையும் பிரிக்க விடாதீர்கள். பழைய ட்யூப்லைட்டின் மதிப்பு தகரத்திலும் இல்லை, கண்ணாடிக் குழாயிலும் இல்லை. பட்டி, சோக், ஸ்டார்ட்டர், ஸ்டார்ட்டர் ஹோல்டர், இரண்டு முனை ஹோல்டர்கள், இருந்தால் கண்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் டப்பா), உள்ளே ஓடும் அந்தக் காலத்து வயர் என எல்லாம் ஒன்றாக, முதலில் மாட்டியபடியே இருப்பதுதான் மதிப்பு. காயலான் கடைக்குப் போனதும் முதலில் உடைபடுவது சோக். உள்ளே இருக்கும் தாமிரக் கம்பிக்கு எடைக்கு எடை காசு கிடைக்கும். அதனால்தான் பெங்களூரில் காயலான் கடைகள் உள்ள ஜாலி மொஹல்லாவிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் வெறும் கூடுகள் நிறையக் கிடைக்கின்றன, முழு ஃபிட்டிங் கிடைப்பது அரிதாகிவிட்டது. உங்கள் கூரையில் இருப்பவை ஒரே கட்டடத்தில், மாட்டிய இடத்திலேயே, முழுதாக இருக்கின்றன. என்னைப் போன்ற ஆட்கள் வருடக்கணக்கில் தேடுவது இதைத்தான்.

இறக்கும்போது மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்து, முதலில் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். அப்புறம் ஃபிட்டிங்கின் மூடியைத் திறந்து உள்ளே வயர் போகும் வழியைப் படம் எடுங்கள். கூரையிலிருந்து வரும் வயரைக் கொஞ்சம் நீளம் விட்டே வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு கட்டி, எது எங்கே தொங்கியது என்று எழுதுங்கள்: எழுத்துக் கோக்கும் மேஜை மேல், கட்டிங் மெஷின் பக்கம், கல்லாப்பெட்டி மேல் என்று. இன்று சாதாரணமாகத் தோன்றும். ஆறு மாதம் கழித்து எல்லாம் ஒரே மாதிரி தெரியும்போதுதான் அந்தச் சீட்டின் அருமை புரியும்.

இது எப்படி எரிகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். ஸ்விட்சைப் போட்டதும் 230 வோல்ட்டும் ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளுக்கு இடையே வந்து நிற்கும். ஸ்டார்ட்டருக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ். அதில் கொஞ்சம் மந்த வாயு, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை. வாயு ஒளிர, அந்தச் சூட்டில் பட்டை வளைந்து எதிர்முனையைத் தொடும். தொட்டதும் மின்சாரம் குழாயின் இரண்டு முனைகளிலும் இருக்கும் இழைகள் வழியாக ஓடி அவற்றைச் சூடாக்கும். அதற்குள் ஸ்டார்ட்டரில் ஒளி அணைந்து, பட்டை ஆறி, படக்கென்று பிரியும். பிரியும் அந்தக் கணத்தில், இரும்பில் சுற்றிய சோக் தன்னிடம் தேங்கிய சக்தியைப் பல நூறு வோல்ட் உதையாக வெளியே தள்ளும். குழாய் பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகு 40 வாட் குழாயின் குறுக்கே சுமார் 100 வோல்ட்தான் இருக்கும். அது ஸ்டார்ட்டரை மறுபடி எழுப்பப் போதாது. அதனால் எரிகிற ட்யூப்லைட்டிலிருந்து ஸ்டார்ட்டரைக் கழற்றி எடுத்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மீதி வோல்ட்டேஜைத் தாங்கி, மின்சாரத்தை அளவோடு விடுவது சோக்கின் வேலை. சோக் இல்லாவிட்டால் குழாய் மேலும் மேலும் மின்சாரத்தை இழுத்து நொடியில் அழிந்துபோகும்.

குழாய்க்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது மிகக் குறைந்த அழுத்தத்தில் பாதரச ஆவியும் கொஞ்சம் மந்த வாயுவும். அந்த ஆவி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையே வெளியிடும், சுமார் 254 நானோமீட்டர் அலைநீளத்தில். கண்ணாடியின் உட்பக்கம் பூசிய வெள்ளைத் தூள்தான் அதை நமக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றுகிறது. பழைய குழாய்களில் இருப்பது 1942இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த கால்சியம் ஹேலோபாஸ்பேட் வகைத் தூள். அதன் வெளிச்சத்தில் சிவப்பு குறைவு. உங்கள் அச்சகத்தில் வண்ண வேலை நடந்திருந்தால், முதல் தாளை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்திருப்பார்கள். அந்த வெளிச்சத்தை நம்பி நிறம் பார்க்க முடியாது.

சரி, வயதைக் கண்டுபிடிப்பது எப்படி? இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் ஊகமும் கலந்தே கிடக்கும், பிரித்துச் சொல்கிறேன். ட்யூப்லைட் வியாபாரத்துக்கு வந்ததே 1938இல், அமெரிக்காவில். எனவே 1930களின் தொடக்கத்து ட்யூப்லைட் என்று யாராவது நம் ஊரில் விற்க வந்தால் கேட்காமலே கிளம்பிவிடலாம். அடுத்து, லேபிளில் இருக்கும் முகவரி. பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. சோக்கிலோ அட்டைப் பெட்டியிலோ 560 என்று தொடங்கும் ஆறு இலக்க எண் இருந்தால் அது 1972க்குப் பிறகு அச்சிட்டது, சந்தேகமே இல்லை. அதற்கு முன்பு நம் அல்சூர் வெறும் ‘பெங்களூர் 8’தான். ஆனால் இதைத் திருப்பிப் போட்டுச் சொல்ல முடியாது. பழைய லேபிள் தீரும்வரை ஒட்டும் கம்பெனிகள் உண்டு. பின்கோடு இல்லை என்பதை மட்டும் வைத்து 1972க்கு முந்தையது என்று அடித்துச் சொல்லக் கூடாது, இருக்கலாம் என்றுதான் சொல்லலாம்.

கம்பெனிப் பெயரும் உதவும். கிராம்ப்டன் பார்க்கின்சன் என்று இருந்தால், அந்தப் பெயர் 1966இல் கிராம்ப்டன் கிரீவ்ஸ் ஆனது. பஜாஜ் எலெக்ட்ரிக்கல்ஸ் என்ற பெயர் 1960இல் வந்தது. அதற்கு முன்பு அந்தக் கம்பெனி ரேடியோ லாம்ப் வொர்க்ஸ். பம்பாய் என்று அச்சிட்டிருந்தால் 1995க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம், கல்கத்தா என்றால் 2001க்கு முன். ஐ.எஸ்.ஐ. முத்திரை பற்றிப் பலருக்குக் குழப்பம் உண்டு. அந்த முத்திரைக்கான சட்டம் 1952இல் வந்தது; அந்த நிறுவனம் 1987இல் பெயர் மாறி பி.ஐ.எஸ். ஆனது, முத்திரை மட்டும் மாறவில்லை. ஆகவே முத்திரை இருப்பது ஒன்றும் பெரிதாகச் சொல்லாது. முத்திரையோடு உள்ள தர எண்ணைப் படியுங்கள். சோக்கில் ஐ.எஸ். 1534 என்று இருக்கும். பக்கத்தில் ஆண்டும் இருந்தால், அந்த ஆண்டுக்கு முன் அந்தச் சோக் செய்யப்பட்டிருக்க முடியாது. குழாயிலோ பெட்டியிலோ மின்சிக்கன நட்சத்திரங்கள் இருந்தால் 2006க்குப் பிந்தையது. சோக்கில் ‘40 வாட்’ என்று மட்டும் இருந்தால் பழையது, ‘36/40’ என்று இருந்தால் மெலிந்த குழாய்கள் வந்த பிறகு செய்தது.

ஊகம் என்று நான் ஒதுக்குபவை இவை: பூச்சின் நிறத்தை வைத்து வயது சொல்வது, சோக்கின் எடையை வைத்துச் சொல்வது, குழாயின் முனையில் பொறித்த குறியீட்டு எழுத்துக்களை வைத்துச் சொல்வது. கடைசியில் சொன்னது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரே கம்பெனியிலும் காலத்துக்குக் காலம் மாறும். அதோடு குழாயின் வயது ஃபிட்டிங்கின் வயது ஆகாது. குழாய் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறியிருக்கும். நல்ல ஆதாரம் இருந்தாலும் ஐந்து பத்து வருட இடைவெளிக்குள்தான் பெரும்பாலும் வந்து நிற்கலாம். உங்களிடம் இன்னொரு வழி இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லாதது. தாத்தாவின் கணக்குப் புத்தகத்திலோ ரசீதுக் கட்டிலோ எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரிக் கடை பில் ஒன்று கிடைத்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் தேவையில்லை. காகிதங்களை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இனி உங்களிடம் இருப்பவை. மரப்பட்டி ஃபிட்டிங்கைப் பலர் மட்டமாக நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தேக்குப் பட்டியில் சோக்கையும் ஸ்டார்ட்டர் ஹோல்டரையும் தனித்தனியாக வாங்கி, இங்கேயே ஒரு வயர்மேன் கையால் பொருத்தியது அது. கம்பெனி தயாரித்த தகரப் பெட்டி ஃபிட்டிங்குகளைப் பற்றி அட்டவணைப் புத்தகங்களும் விளம்பரங்களும் சாட்சி சொல்லும். நம் வீடுகளிலும் கடைகளிலும் நிஜமாக எரிந்த மரப்பட்டிக்கு அந்தப் பொருளைத் தவிர வேறு சாட்சி இல்லை. திருகாணி எப்படிப் போட்டிருக்கிறார்கள், வயரை எப்படி வளைத்து கிளிப் அடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அந்த வயர்மேனின் பழக்கம் தெரியும். உள்ளே துணி சுற்றிய ரப்பர் வயர் இருந்தால் பழைமை கூடும். ஆனால் அந்த ரப்பர் இப்போது பொடிந்துபோயிருக்கும், வளைத்தாலே உதிரும். அந்த வயரில் மின்சாரம் விடவே கூடாது.

பச்சை ஷேடு உள்ளவை தொழிற்சாலை வகை. விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி போன்ற கெட்டியான சத்தமும், உடைந்த இடத்தில் சில்லாகப் பெயர்ந்த கருப்புத் தழும்பும் இருந்தால் அது இரும்புத் தகட்டின் மேல் உருக்கி ஒட்டிய பீங்கான் பூச்சு. மங்கவே மங்காது, சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். வெறும் பெயிண்ட் என்றால் உள்பக்கம் பழுப்பேறியிருக்கும். எதுவாக இருந்தாலும் மறுபடி பெயிண்ட் அடிக்காதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. தவிர, புதுப் பெயிண்ட் அடித்த பழைய ஃபிட்டிங்கை எந்தச் சேகரிப்பாளரும் விரும்ப மாட்டார்.

நீங்கள் குறிப்பிட்ட இரட்டைக் குழாய் ஃபிட்டிங்தான் என் ஆவலைத் தூண்டியது. கட்டிங் மெஷினுக்கு மேலே அது மட்டும் இரட்டையாக இருந்தது என்கிறீர்கள். காரணம் அதிக வெளிச்சம் மட்டும் அல்லாமல் இருக்கலாம். 50 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) மின்சாரத்தில் ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் அந்த வெளிச்சத்தில் சுழலும் சக்கரம், வேகம் பொருந்தி வந்தால், நின்றுவிட்டது போலத் தோன்றும். லேத் பட்டறைகளில் இது பெரிய ஆபத்து. ஓடுகிற சக் (பொருளைப் பிடித்துச் சுழலும் தலை) நின்றதாக நினைத்துக் கை வைத்துவிடுவார்கள். அதற்குத் தொழிற்சாலைகளில் இரண்டு வழி வைத்திருந்தோம். ஒன்று, அடுத்தடுத்த விளக்குகளை மூன்று ஃபேஸ்களுக்கும் பிரித்துக் கொடுப்பது. மற்றொன்று, இரட்டை ஃபிட்டிங்கில் ஒரு குழாய்க்குச் சோக் மட்டும், இன்னொரு குழாய்க்குச் சோக்கோடு தொடராக ஒரு கண்டென்சர். ஒன்றின் மின்சாரம் பிந்தும், மற்றதன் மின்சாரம் முந்தும். ஒன்று மங்கும் நேரத்தில் மற்றது பிரகாசமாக இருக்கும். உங்கள் ஃபிட்டிங் அந்த வகையா என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும். அப்படி இருந்தால், இருப்பதிலேயே முதலில் காப்பாற்ற வேண்டியது அதுதான்.

எரியவைப்பதற்கு வருவோம். லைசென்ஸ் உள்ள, சோக் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனோடு செய்யுங்கள். முதல் கட்டம் கண்ணால் பார்ப்பது. சோக்கிலிருந்து தார் ஒழுகியிருக்கிறதா, எரிந்த வாடை இருக்கிறதா, முனை ஹோல்டர்களின் பேக்கலைட் விரிசல் விட்டிருக்கிறதா, ஈரம் பட்ட துரு இருக்கிறதா? இரண்டாவது, மெகர், அதாவது காப்பு மின்சாரத்தைக் கசியவிடாமல் தாங்குகிறதா என்று அளக்கும் கருவி. 500 வோல்ட் மெகரில் சோக்கின் கம்பிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே பார்க்க வேண்டும். நான் 2 மெகாஓமுக்குக் கீழே காட்டும் எதையும் மின்சாரத்தில் போடுவதில்லை. பருவமழை ஈரம் ஏறிய சோக் சில சமயம் குறைவாகக் காட்டும்; சில நாள் வெயிலில் உலர வைத்தால் ஏறிவிடும். உலர்த்தியும் ஏறாவிட்டால் அலமாரியில் வைக்க மட்டும்தான் அது.

மூன்றாவது சோதனை சீரீஸ் பல்பு. பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சோக்கோடு தொடராகப் போட்டு 230 வோல்ட் கொடுங்கள். சோக் நன்றாக இருந்தால் பல்பு தெளிவாக மங்கி, பாதிக்கும் குறைந்த வெளிச்சத்தில் எரியும். முழுப் பிரகாசமாக எரிந்தால் உள்ளே கம்பிச் சுற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன என்று பொருள். எரியவே இல்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது. மல்டிமீட்டர் வைத்து ஓம் மட்டும் பார்த்துவிட்டு ‘சோக் ஓகே’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கம்பி அறுந்ததை மல்டிமீட்டர் சொல்லும், சில சுற்றுகள் சேர்ந்துபோனதைச் சொல்லாது. தீப்பிடிக்க வைப்பது அந்தச் சேர்ந்துபோன சோக்தான்.

இதெல்லாம் தேறினால் குழாய் போட்டு எரியவைக்கலாம். உலோகப் பட்டிக்கு எர்த் கட்டாயம். பழையவற்றில் எர்த் முனையே இருக்காது. இருக்கும் ஒரு திருகாணியில் பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, வளைய முனை வைத்து பச்சை வயரைப் போடலாம், புதிதாகத் துளை போட வேண்டாம். ஸ்விட்ச் ஃபேஸில் இருக்க வேண்டும், ஃபேஸ் முதலில் சோக்குக்குப் போக வேண்டும். லைனில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் இருக்கட்டும். பழைய ஃபிட்டிங் போட்டதும் அது விழுந்தால், ஸ்விட்சை மாற்றாதீர்கள், ஃபிட்டிங்கை இறக்குங்கள். முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். சோக் கை வைத்துத் தாங்க முடியாத அளவு சுடுவதும், மெல்ல ரீங்கரிப்பதும் இயல்பு. வாடை வருவதும் தார் கசிவதும் இயல்பல்ல. குழாய் பற்றாமல் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது; அந்த நேரம் முழுதும் சோக் வழியாக அதிக மின்சாரம் ஓடும். முனை கறுத்த குழாய் என்றால் குழாயை மாற்றுங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட்டரை. தினமும் இரவு முழுக்க எரியவிடுவதும், ஆள் இல்லாத வீட்டில் எரியவிடுவதும் வேண்டாம். பழைய காப்புப் பூச்சு எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கு எந்தச் சோதனையும் முழு உத்தரவாதம் தராது.

கண்டென்சர் விஷயத்தில் நான் மிகவும் கண்டிப்பு. 1980க்கு முந்தைய உலோக டப்பா கண்டென்சர்களுக்குள் பி.சி.பி. என்ற எண்ணெய் இருக்கலாம். தீப்பிடிக்காது என்பதற்காக உலகம் முழுக்கப் பயன்படுத்தி, உடம்பிலும் மண்ணிலும் அழியாமல் தங்கும் நஞ்சு என்று தெரிந்த பிறகு தடை செய்த பொருள் அது. 2001இல் ஏற்பட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் பட்டியலிலும் இருக்கிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். துளைக்காதீர்கள், உடைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுபிசுப்பு தெரிந்தால் கையுறை போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி, மின்கழிவு எடுக்க அனுமதி பெற்ற இடத்தில் கொடுங்கள். கசியாத கண்டென்சரையும் எரியவைக்கும்போது பயன்படுத்தக் கூடாது. லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே போட்ட வகை என்றால் வயரைக் கழற்றி, முனையை மூடிவிட்டால் போதும். விளக்கு அதே போல எரியும், பவர் ஃபேக்டர் மட்டும் குறையும், அதாவது அதே வெளிச்சத்துக்கு லைனில் கூடுதல் மின்சாரம் ஓடும். தொடராகப் போட்ட வகை என்றால் கழற்றினால் அந்தக் குழாய் எரியாது. அதே மைக்ரோஃபாரட், அதற்குக் குறையாத வோல்ட் மதிப்புள்ள புதுக் கண்டென்சர் போட வேண்டும். அளவு மாறினால் குழாயும் சோக்கும் கெடும். எந்த வகையானாலும் கை வைக்கும் முன் அதில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். பழையவற்றில் அதற்கான ரெசிஸ்டர் இருக்காது, அணைத்த பிறகும் அடிக்கும்.

குழாய்களில் பாதரசம் உண்டு, பழைய தடித்த குழாய்களில் இன்றையதைவிடப் பல மடங்கு. முழுதாக இருக்கும் குழாயால் ஒரு கெடுதலும் இல்லை. உடைந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் கால் மணி நேரம் வெளியே வந்துவிடுங்கள். துடைப்பமோ வாக்குவம் கிளீனரோ போடக் கூடாது. கெட்டி அட்டையால் கூட்டி, ஈரக் காகிதத்தால் துடைத்து, மூடி போட்ட டப்பாவில் அடைத்து மின்கழிவுக்குக் கொடுங்கள். 1950க்கு முந்தைய வெளிநாட்டுக் குழாய் என்று தெரிந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் காலத்துத் தூளில் பெரிலியம் இருந்தது. தொழிலாளர்களின் நுரையீரல் கெட்டதால் 1949 வாக்கில் அமெரிக்கக் கம்பெனிகள் அதைக் கைவிட்டன.

எந்தக் குழாய் போடுவது? உங்கள் ஃபிட்டிங்குகள் 38 மி.மீ. தடிமன் உள்ள 40 வாட் குழாய்க்காகச் செய்தவை. பின்னால் வந்த 26 மி.மீ., 36 வாட் குழாய் அதே ஹோல்டரில், அதே சோக்கில், அதே ஸ்டார்ட்டரில் எரியும். அதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள். பார்வைக்குத் தடித்த குழாய்தான் அழகு, அந்தப் பட்டிக்கு அதுதான் பொருத்தம். பாதரசம் பற்றிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023இல் கூடி, நீளக் குழாய் விளக்குகளின் தயாரிப்பை 2027க்குள் நிறுத்த ஒப்புக்கொண்டன. இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. எனவே இப்போது சின்ன ஊர் எலக்ட்ரிக் கடைகளில் பழைய இருப்பு கண்ணில் பட்டால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டரும் சேர்த்து. அட்டை உறையில் போட்டுப் படுக்க வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. அதிலும் மைசூர் லாம்ப்ஸ் பெயருள்ள குழாயோ அட்டைப் பெட்டியோ கிடைத்தால் எரிக்காமல் வைத்திருங்கள். 1936இல் மல்லேஸ்வரம் பக்கம் தொடங்கி, 2000களின் தொடக்கத்தில் நின்றுபோன நம் ஊர்த் தொழிற்சாலை அது. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் உட்பட எல்லோர் வீட்டுக்கும் விளக்கு செய்து கொடுத்த இடம்.

எலக்ட்ரீஷியன் சொல்லும் எல்.இ.டி. யோசனை தவறு இல்லை. வெளிச்சம்தான் தேவை என்றால் அதுதான் சிக்கனம். 40 வாட் குழாயோடு சோக்கும் பத்து வாட்டுக்கு மேல் தின்கிறது. ஆனால் பழைய ஃபிட்டிங்கின் உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிட்டு, அதே கூட்டில் எல்.இ.டி. குழாய் மாட்டுவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் நல்ல எல்.இ.டி. விளக்கும் கிடைக்காது, பழைய ஃபிட்டிங்கும் மிஞ்சாது. புதிய இடத்துக்குப் புதிய எல்.இ.டி. பட்டியே வாங்குங்கள், இப்போது விலை மலிவு. பழையதைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மாட்டித் தினமும் எரிக்க வேண்டும் என்றால், சோக்கைத் தொடாமல், ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு கூடவே வரும் மாற்று ஸ்டார்ட்டரைப் போட்டு எரிக்கும் எல்.இ.டி. குழாய்கள் உண்டு. எல்லாக் கடையிலும் இருக்காது, பெட்டியில் சோக்கோடு பொருந்தும் என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்க வேண்டும். பிறகு எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம்.

விலை. நேர்மையான பதில், நம் நாட்டில் இதற்கு நிலையான சந்தை இல்லை. ஒரே பொருளை ஒருவர் எடைக்குக் கொடுப்பார், இன்னொருவர் காபிக்கடை அலங்காரத்துக்கு என்று பல மடங்கு கேட்பார். பீங்கான் பூச்சு ஷேடுக்கு அலங்காரக்காரர்கள் நல்ல விலை தருவார்கள், ஆனால் வாங்கிய கையோடு உள்ளே இருப்பதை எறிந்துவிடுவார்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் இரட்டைக் குழாயையும், சிறந்த மரப்பட்டி ஒன்றையும், நல்ல ஷேடு ஒன்றையும் நீங்கள் வைத்துக்கொண்டு, மீதியை உள்ளே உள்ளதோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும் ஆளுக்கே கொடுங்கள்.

மேலும் சேகரிக்கத் தொடங்கினால் ஒரு எச்சரிக்கை. சந்தையில் ரயில் பெட்டிகளில் இருந்த இரண்டடி ஃபிட்டிங்குகள் வரும். அவை 110 வோல்ட் டி.சி.க்கு ஆனவை. கப்பல் உடைத்த ஃபிட்டிங்குகளும் வரும். அவற்றில் சில 60 சைக்கிளுக்குச் செய்தவை, நம் 50 சைக்கிளில் சோக் அதிக மின்சாரம் விட்டுச் சூடேறும். அமெரிக்க ஃபிட்டிங் என்றால் பெரும்பாலும் 120 வோல்ட். லேபிளில் வோல்ட்டையும் சைக்கிளையும் படிக்க முடியாத எதையும் வீட்டு லைனில் கொடுக்காதீர்கள்.

இப்போதைக்கு அந்த இரட்டைக் குழாய் ஃபிட்டிங்கின் உட்புறத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். இரண்டு சோக்குகளின் லேபிளும், கண்டென்சரிலிருந்து வரும் இரண்டு வயர்களும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதும் தெரிய வேண்டும். கண்டென்சர் தொடரா, குறுக்கேயா என்று அதிலிருந்து சொல்லிவிடலாம். அதுவரை அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம்.